ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்த ஏழு பல்லிகள்

புதுதில்லி: இந்தியாவில் வாழும் விலங்கினங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய பட்டியல் ஒன்றை மத்திய அரசு 2024 ஜூன் 30-ஆம் தேதி கொல்கத்தாவில் வெளியிட்டது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் தயாரித்த அப்பட்டியலில் 1,04,561 இனங்கள் இடம்பெற்றுள்ளன. தன் எல்லைக்குள் வாழும் விலங்கினங்கள் முழுவதையும் இவ்வாறு பட்டியலிட்ட முதல் நாடு இந்தியாவே என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெருமையுடன் அறிவித்தது.

பெருமைக்குரிய செய்திதான். ஆனால், இத்தகைய ஒரு பட்டியலில் ஒரே ஒரு பெயர் கூடுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன, அப்பெயர் இல்லாத காலத்தில் எதை எதை இழக்க நேரிடும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. அதை அறிய வேண்டுமானால், கேரளத்தின் கல்லாற்றுக்கு மேலே உள்ள ஒரு மலையையும் அங்கு வாழும் ஒரு சிறிய பல்லியையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழக வாசகர்களுக்குக் கல்லாறு என்றதும் மேட்டுப்பாளையத்துக்கு அருகே நீலகிரியின் அடிவாரத்தில் உள்ள ஊர்தான் நினைவுக்கு வரும். இது வேறு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் உள்ள சிற்றூர் இது. உருண்டைக் கற்களுக்கிடையே ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. அதற்கு அப்பால் அகத்தியமலைத் தொடர். அதன் மறுபக்கத்துச் சரிவு திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநில எல்லை அந்த மலைமுகட்டின் மீதே செல்கிறது.

இந்தப் பொன்முடியை இருப்பிடமாகக் கொண்டு 2019-ஆம் ஆண்டு அறிவியல் உலகுக்கு முறைப்படி அறிமுகமான பல்லியின் பெயர் 'திராவிடோகெக்கோ ஸ்மித்தி'. இரவில் நடமாடும் பழுப்பு நிறப் பல்லி. வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரணமாகப் பார்ப்பவர் எவரும் கண்டறிய இயலாது. வல்லுநர்களாலேயே கண்டறிய இயலவில்லை என்பதுதான் இங்கு செய்தி.

<b>144 ஆண்டுக் குழப்பம்</b>

கதை 1875-இல் லண்டனில் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் ராணுவ அதிகாரியாக இருந்து, பின்னர் வனத்துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். தென்னிந்திய மலைகளில் அவர் சேகரித்த தாவரங்களும் ஊர்வனவும் கப்பல் கப்பலாக பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அங்கு பணியாற்றிய ஆல்பர்ட் குந்தர், ஆனைமலையின் பெயரால் 'அனமல்லென்சிஸ்' என ஒரு பல்லியை விவரித்தார். ஆனால், அதை அவர் சேர்த்த பேரினமோ 'ஹாப்ளோடாக்டைலஸ்'. அது இன்று நியூசிலாந்துக்கே உரியதாக அறியப்படும் பேரினமாகும். ஆனைமலைக் காட்டில் பிறந்த ஒரு பல்லி, பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் உள்ள தீவுப் பல்லியின் நெருங்கிய உறவாகக் காகிதத்தில் பதிவானது.

இத்தவற்றைச் சரிசெய்தவர் மால்கம் ஆர்தர் ஸ்மித். சயாம் அரசவையில் மருத்துவராக இருந்த இவர், பின்னர் பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்வன பற்றிய மூன்று பெருந்தொகுதிகளை எழுதியவர். பல்லிகளின் விரல்களுக்கு அடியில், சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் மெல்லிய மடிப்புகள் வரிசையாக இருக்கும். நம் வீட்டுப் பல்லிகள் அடங்கிய 'ஹெமிடாக்டைலஸ்' பேரினத்தில் இம்மடிப்புகள் இரண்டிரண்டாகப் பிளவுபட்டிருக்கும். ஆனைமலைப் பல்லிக்கோ பிளவில்லை. இதை அடிப்படையாகக் கொண்டு 1933-இல் அவர் இப்பல்லிக்கெனத் தனிப் பேரினம் ஒன்றை உருவாக்கினார். தென்னகத்துக்கு மட்டுமே உரியது என்பதைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த சொல் 'திராவிடோகெக்கோ', அதாவது திராவிடப் பல்லி.

அப்பெயரும் நிலைக்கவில்லை. 1995-இல் இரு வெளிநாட்டு ஆய்வாளர்கள், விரல் மடிப்பு ஒன்றை மட்டும் வைத்துத் தனிப் பேரினம் கொள்வது பொருந்தாது எனக் கருதி, இப்பல்லியை ஹெமிடாக்டைலஸுக்குள் சேர்த்துவிட்டனர். திராவிடப் பல்லி வீட்டுப் பல்லிகளின் கூட்டத்தில் ஒன்றாயிற்று.

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பன்சால், பிரவீண் கரந்த் ஆகிய இருவரும் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இக்கணக்கை மீண்டும் புரட்டிப் போட்டது. ஆனைமலைப் பல்லி ஹெமிடாக்டைலஸ் கிளையைச் சேர்ந்ததே அன்று. அதற்கு இணையாக, கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியிலேயே தனியே பிரிந்த தொன்மையான கிளை அது என அவ்வாய்வு தெரிவித்தது. இந்திய நிலப்பகுதி ஆசியாவுடன் மோதி இமயமலை எழும்புவதற்கு முந்தைய காலம் அது. இமயத்தைவிட வயது முதிர்ந்த ஒரு வம்சத்தின் எச்சம், தெற்கு மலைகளின் மழைக்காடுகளில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

இதற்குப் பின்னரும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. வயநாட்டிலிருந்து பொன்முடி வரை, இடையிடையே ஆழமான கணவாய்களாலும் வறண்ட பள்ளத்தாக்குகளாலும் துண்டிக்கப்பட்ட மலைகளில் வாழும் பல்லிகள் அனைத்தும் உண்மையிலேயே ஒரே இனமா? மலை உச்சிக் காட்டுப் பல்லி ஒன்று வெப்பம் மிகுந்த சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போக இயலாது. மலைகள் அதற்குத் தீவுகளே.

ஆர்.சைதன்யா, வரத் கிரி, வி.தீபக், அனிருத்த தத்தா ராய், பி.எச்.சி.கே.மூர்த்தி, பிரவீண் கரந்த் ஆகிய ஆறு பேர் 2019-இல் 'சூடாக்சா' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளித்தது. ஒன்று எனக் கருதப்பட்டு வந்தது ஒன்றல்ல, ஏழு. ஸ்மித் 1933-இல் உருவாக்கிய பேரினம் மீட்கப்பட்டது. ஆறு புதிய சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றில் தெற்கே பொன்முடியில் வாழும் பல்லிக்கு ஸ்மித்தின் பெயரே சூட்டப்பட்டது. பேரினத்துக்குப் பெயரிட்டவருக்குச் செலுத்தப்பட்ட நன்றிக்கடன் எனலாம்.

<b>பெயரிடுவது எளிதன்று</b>

புதிய இனம் கண்டறியப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், அடர்ந்த காட்டில் ஆய்வாளர் ஒருவர் இதுவரை எவரும் காணாத உயிரைக் கண்டு வியந்து நிற்பது போன்ற காட்சியே வாசகர் மனத்தில் எழுகிறது. பெரும்பாலான கண்டுபிடிப்புகள் அவ்வாறு நிகழ்வதில்லை. பொன்முடிப் பல்லி எவர் கண்ணிலும் படாத உயிர் அன்று. பட்டும், வேறொன்றாக எண்ணப்பட்ட உயிர்.

முதலில் வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். பின்னர் இரவு நேரங்களில் கைவிளக்குடன் மரப்பட்டைகளையும் பாறைகளையும் சுவர்களையும் தேட வேண்டும். பிடிபட்ட பல்லியிலிருந்து திசு எடுத்து ஆல்கஹாலில் பாதுகாத்து, மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அதோடு முடிவதில்லை. தொடையின் அடிப்பகுதியில் ஆண் பல்லிகளுக்கு உள்ள நுண்துளைகளின் எண்ணிக்கை, தாடைக்குக் கீழ் உள்ள செதில்களின் அமைப்பு, விரல் மடிப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். திராவிடோகெக்கோ பல்லிகள் தோற்றத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், மரபணு காட்டும் வேறுபாட்டை உடலிலும் கண்டு நிறுவுவது இங்கு மிகக் கடினமான பணியாக இருந்தது.

அடுத்ததாக எழுவது பழைய பெயரின் வழக்கு. ஒரு பெயருக்குள் ஏழு இனங்கள் இருப்பதாகத் தெரிந்தால், அவற்றில் எது 1875-இல் குந்தர் விவரித்த 'அனமல்லென்சிஸ்' என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். விலங்குப் பெயர்களுக்கான பன்னாட்டு விதிகளின்படி, பெயர் உரியது அன்று விவரிக்கப்பட்ட அந்த மாதிரி உடலுக்கே. அந்த உடல் இருப்பதோ லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊர்வன பற்றி இன்று ஆய்வு செய்யும் எந்த இந்தியரும் ஏதோ ஒரு கட்டத்தில் லண்டனின் கண்ணாடிக் குடுவைகளை நாடாமல் இருக்க இயலாது. காலனி ஆட்சி எடுத்துச் சென்றவற்றில் கோகினூர் வைரம் குறித்து மட்டுமே நாடாளுமன்றத்தில் கேள்வி எழுகிறது. அறிவியலுக்கு அதனினும் விலைமதிப்புள்ள பல்லிகள் குறித்து எவரும் கேட்பதில்லை.

இனி அவ்வாறு நிகழாமல் தடுக்கச் சட்டம் உள்ளது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, புதிய இனத்தைக் கண்டறியும் எவரும் அதை அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கு ஒப்படைக்க வேண்டும். இச்சட்டத்தைச் செயல்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் உள்ளது.

பெயர்களிலும் மாற்றம் தெரிகிறது. அன்றைய பெயர்களில் ஆங்கிலேய அதிகாரிகள் நிறைந்திருந்தனர். 2019-இல் ஸ்மித்துக்கும், ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸுக்கும் இடம் கிடைத்தது உண்மையே. ஆடம்ஸின் பெயரைத் தாங்குவது திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைப் பக்கத்து மலைப் பல்லி. கூலி உயர்வுப் போராட்டத்தால் தமிழகம் அறிந்த ஊருக்கு இப்படி ஓர் இலக்கியத் தொடர்பு! அதே வேளையில், தேனி மாவட்டத்து மேகமலை தன் பெயரையே தன் பல்லிக்குத் தந்தது. வயநாட்டுப் பல்லி, வடக்கத்தியது எனப் பொருள்படும் லத்தீன் பெயரைப் பெற்றது. கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலைப் பல்லிக்குச் சூட்டப்பட்ட பெயர் 'தோல்பள்ளி' என்று ஆங்கில எழுத்துகளைக் கொண்டு சிலர் தவறாக வாசிக்கக்கூடும். அது 'தொல்பல்லி'. தொன்மையான பல்லி எனப் பொருள்படும் தூய தமிழ்ச் சொல், உலகெங்கும் உள்ள விலங்கியல் நூல்களில் இன்று நிலைபெற்றுவிட்டது. அதன் பின்னர் குடகு மலையிலிருந்தும் இப்பேரினத்தில் இன்னொரு சிற்றினம் விவரிக்கப்பட்டுள்ளது.

<b>ஜானகி அம்மாளின் பெயர்</b>

ஆறு பெயர்களில் அரசியல் ஆர்வமுள்ள வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டியது 'ஜானகியே'. தலச்சேரியில் 1897-இல் பிறந்து, கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயர் அது. 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், தம் எண்பதாம் வயதைக் கடந்த நிலையிலும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அப்போராட்டத்தில் சிங்கவால் குரங்கு ஆற்றிய பங்கு அனைவரும் அறிந்ததே. மின்சாரமா, குரங்கா என்று அன்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால், பெயரும் வாழிடமும் எண்ணிக்கையும் தெரிந்த ஓர் உயிர் இருந்ததால்தான் அக்காட்டுக்காக வாதாட முடிந்தது. பெயரற்ற உயிருக்காக எந்த நீதிமன்றத்திலும் எந்த அமைச்சகத்திலும் மனுச் செய்ய இயலாது. ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையில், அப்பகுதியில் வாழும் விலங்குகளின் பட்டியல் இணைக்கப்படும். 2019-க்கு முன்னர் பொன்முடிக்காக ஓர் அறிக்கை எழுதப்பட்டிருந்தால், இப்பல்லி 'தென்னிந்திய மலைகளில் பரவலாகக் காணப்படுவது' என்ற ஒற்றை வரியில் அடங்கிப்போயிருக்கும். இங்கு அழிந்தாலும் ஆனைமலையில் இருக்கிறதே என்ற ஆறுதல் எவருக்கும் தோன்றியிருக்கும். இன்று அந்த ஆறுதலுக்கு இடமில்லை. ஆனைமலையில் இருப்பது வேறு, மேகமலையில் இருப்பது வேறு. ஒரு மலையின் காடு போனால் ஓர் இனமே போய்விடும்.

மத்திய அரசின் பாதுகாப்புத் திட்டங்கள் இந்த நுட்பத்தை எந்த அளவுக்கு உணர்ந்துள்ளன? மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை அளித்தது. எதிர்ப்புகள் எழுந்ததால் கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2013-இல் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிகளை வரையறுக்கும் முதல் வரைவு அறிவிக்கை 2014-இல் வெளியானது. காலாவதியாவதும் மீண்டும் வெளியாவதுமாக, ஆறாவது வரைவு 2024 ஜூலை 31-இல் வந்தது. வயநாட்டில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட நிலச்சரிவு நிகழ்ந்தது அதற்கு முந்தைய நாள். ஆறு மாநிலங்களில் 56,825.7 சதுர கிலோமீட்டர் பரப்பை உள்ளடக்கிய அவ்வரைவில் கேரளத்தின் பங்கு 9,993.7 சதுர கிலோமீட்டர்; தமிழகத்தின் பங்கு 6,914.

வரைவுக்கு மேல் வரைவு வருவதற்கு மத்திய அரசை மட்டும் குறைகூற இயலாது. மலைப்பகுதி விவசாயிகள் தம் நிலமும் வாழ்வும் பறிபோகும் என அஞ்சுகின்றனர்; மாநில அரசுகளும் எல்லைகளைக் குறைக்கவே கோருகின்றன. அந்த அச்சத்தைப் போக்காமல் டெல்லியிலிருந்து வரைபடத்தில் கோடு போடுவது பயன்தராது என்பதை இந்தப் பத்தாண்டு அனுபவம் காட்டியிருக்கிறது.

<b>கல்லாற்றுக்குத் தெரிந்தவை</b>

கல்லாறு இவ்விவாதத்துக்குப் புதிதன்று. அகத்தியமலையின் இருபுறமும் வாழும் காணி பழங்குடியினரின் நாடு இது. இவர்கள் காட்டிய ஆரோக்கியப் பச்சை எனும் செடியிலிருந்து, அருகிலுள்ள பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியதும், அதன் உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என 1990-களில் ஏற்பாடு செய்யப்பட்டதும் உலக அளவில் பேசப்பட்டன. பாரம்பரிய அறிவுக்கு விலை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட முன்னோடி ஏற்பாடு அது. நடைமுறையில் பல சிக்கல்களைச் சந்தித்த ஏற்பாடும் கூட. கல்லாற்றைச் சேர்ந்த காணிப் பெண்மணி லட்சுமிக்குட்டி அம்மாள், மூலிகை மருத்துவத்துக்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மூலிகைக்குக் கிடைத்த இந்த மதிப்பு பல்லிக்குக் கிடைக்குமா என்பது ஐயமே. மருந்தாகாத, உணவாகாத, அழகுமற்ற ஓர் உயிரால் எவருக்கும் வருவாய் இல்லை. வருவாய் வரும் ஒரே வழி ஆபத்தான வழி. சீனாவில் 1999-இல் 'கோனியூரோசாரஸ் லூயி' எனும் பல்லி விவரிக்கப்பட்டு இருப்பிடம் வெளியானவுடன், வளர்ப்பு விலங்கு வணிகர்கள் அங்கு படையெடுத்தனர். முதலில் கண்டறியப்பட்ட இடத்தில் அவ்வினம் துடைத்தெடுக்கப்பட்டது. ஒடிசா, ஆந்திர மலைகளில் வாழும் ஜெய்ப்பூர் மலைப் பல்லிக்கு அந்நிலை வராதிருக்க, 2022-இல் பனாமாவில் நடைபெற்ற வன உயிரின வணிகம் குறித்த மாநாட்டில் இந்தியா முன்மொழிந்து அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பெயரிட்டால் காக்கலாம், பெயரிட்டதாலேயே இழக்கவும் கூடும் என்ற இக்கட்டில் இன்று ஆய்வாளர்கள் உள்ளனர். துல்லியமான இருப்பிடத்தை வெளியிடுவதா, மறைப்பதா என்ற விவாதம் உலகெங்கும் நடைபெறுகிறது.

பொன்முடியும் முன்னர் ஆராயப்படாத மலை அன்று. அமெரிக்காவின் ராபர்ட் இங்கர் உள்ளிட்டோர் இங்கு சேகரித்த ஊர்வன பற்றிய அறிக்கை 1984-இல் வெளியானது. அதே ஆண்டில் 'நெமாஸ்பிஸ் நாயரி' எனும் வேறொரு பல்லி இம்மலையிலிருந்து புதிதாக விவரிக்கப்பட்டது. அத்தனை பேர் வந்து சென்ற பின்னரும் 35 ஆண்டுகள் கழித்து இன்னொரு பல்லி வெளிப்பட்டிருக்கிறது.

விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் மட்டும் இந்திய விலங்கினப் பட்டியலில் 641 பெயர்கள் சேர்ந்தன. அவற்றில் 442 உலகுக்கே புதியவை. 199 இந்தியாவில் முதன்முறையாகப் பதிவானவை. மாநிலங்களில் கேரளமே 101 பெயர்களுடன் முதலிடம் பெற்றது. தமிழகத்திலிருந்து சேர்ந்தவை 64. இவற்றை எண்ணிப் பிரித்தறியும் வகைப்பாட்டியலாளர்களை உருவாக்க, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999-இல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களிலோ செதில் எண்ணும் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் குறைவு; படித்தவர்களுக்கு நிரந்தரப் பணியிடங்கள் அதனினும் குறைவு. பொன்முடிப் பல்லியை விவரித்த கட்டுரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 56 பக்கங்கள்.